‘15 நாளில் இம்ப்ளான்ட் இறங்கும்’ என்று விற்கிற பெட்டியை வாங்காதீர்கள்

சற்று முன்புதான் அந்தச் செயலியிலிருந்து கடைசி பதில் வந்தது: “உங்கள் கோரிக்கை முடித்துவைக்கப்பட்டது.” போனது மூன்று மாதச் சம்பளம். என்னுடையது அல்ல, தங்கையுடையது. பிளாஸ்டிக் சர்ஜரி வார்டில் டிரெஸ்ஸிங் மாற்றுகிற நர்ஸ் வீட்டிலேயே இது நடந்ததில் எனக்குக் கூடுதல் எரிச்சல். பெயரைப் போட்டால் பதிவையே தூக்கிவிடுவார்கள், அதனால் ஆள் எப்படி என்று மட்டும் சொல்கிறேன். மார்பகத்துக்குள் இம்ப்ளான்ட் (உருவத்துக்காக உள்ளே வைக்கிற செயற்கைப் பொருள்) வைக்கும் அறுவைக்குப் பிறகான ‘ரிகவரி’ என்று முன்-பின் படங்கள் போடும் ஒரு பக்கம். அதற்கு ஒரு செயலி, செயலிக்குக் கட்டணம், அதற்கு மேல் தனி விலையில் ஒரு பெட்டி. என்னென்ன பார்த்து உஷாராக வேண்டும் என்று கடைசியில் விலாவாரியாக எழுதுகிறேன்.

அவர்கள் எதை விற்கிறார்கள் என்று புரிய வேண்டுமானால், அறுவை முடிந்த மார்பகத்தில் என்ன நடக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். முதல் வாரங்களில் இம்ப்ளான்ட் ஏறி நிற்கும். மேல்பாதி புடைத்து இறுகியிருக்கும், கீழ்ப்பாதி வெறுமையாகத் தெரியும், தோல் வீக்கத்தில் பளபளக்கும். கண்ணாடியில் பார்க்கிற யாருக்கும் ‘தப்பாக வைத்துவிட்டார்களோ’ என்றுதான் தோன்றும். தப்பில்லை. தசைக்குக் கீழே வைக்கும்போது பெரிய மார்புத் தசையின் கீழ்ப்பக்கப் பிடிப்பை விலாவிலிருந்து விடுவிப்பார்கள். அந்தத் தசை இறுகிப்போய், புதிதாக உள்ளே வந்ததை விலாவோடு சேர்த்து மேல்நோக்கி அழுத்தும். கீழ்ப்பாதித் தோல் இன்னும் பழைய அளவிலேயே இருக்கும், அது விரிந்து கொடுத்தால்தான் இம்ப்ளான்ட் இறங்க இடம் கிடைக்கும். தசை தளர வேண்டும், வீக்கம் வடிய வேண்டும், தோல் விரிய வேண்டும். மூன்றும் அதனதன் வேகத்தில்தான் நடக்கும். ‘டிராப் அண்ட் ஃப்ளஃப்’ என்று சொல்கிறார்களே, அது இவ்வளவுதான்.

வீக்கத்தில் பெரும்பகுதி முதல் சில வாரங்களில் வடியும். 6-வது வாரம் வாக்கில் இறங்கியது கண்ணுக்குத் தெரியும். 3 மாதத்தில் ஏறக்குறைய உருவம் வந்துவிடும். தசைக்குக் கீழே வைத்தவர்களுக்கு 6 மாதம் வரை, சிலருக்கு ஒரு வருடம் வரைகூட மெல்ல மாறிக்கொண்டிருக்கும். தசைக்கு மேலே, பால்சுரப்பிக்குக் கீழே வைத்திருந்தால் இதைவிடச் சீக்கிரம். இரண்டு பக்கமும் ஒரே நாளில் இறங்குவதும் கிடையாது.

அந்த வியாபாரத்துக்கு மூலதனமே இந்தக் காலண்டர்தான். விளம்பரத்தில் 15 நாள் என்று இருக்கும். பணம் கட்டிய பிறகு வருகிற விதிமுறையில் அது 90 நாளாகிவிடும். 3-வது வாரத்தில் வாங்குகிறவளுக்கு 90 நாள் கழித்து, எதைப் பூசினாலும் பூசாவிட்டாலும் இறங்கியிருக்கும். உடம்பு சும்மா செய்கிற வேலைக்கு மூன்று மாதச் சம்பளம் வாங்குகிறார்கள்.

முன்-பின் படங்களையும் சொல்லிவிடுகிறேன். ‘முன்’ படத்தில் அந்தப் பெண்கள் கையைத் தலைக்கு மேல் தூக்கியிருப்பார்கள், ‘பின்’ படத்தில் கை தொங்கும். கையைத் தூக்கினாலே மார்பு மேலே ஏறும். கேமராவைத் தாழ்த்திப் பிடிப்பதும் உயர்த்திப் பிடிப்பதுமே இரண்டு வேறு உருவங்களைக் காட்டும். நேர்மையாக ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டு படத்திலும் கை பக்கவாட்டில் தொங்க வேண்டும், கேமரா காம்பின் உயரத்தில் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும், தேதியும் இருக்க வேண்டும். அங்கே இருந்த ஒரு படத்தில்கூட தேதி இல்லை.

தங்கை நம்பிய இடம் இதுதான். அவளுக்கு அப்போது 3-வது வாரம். சர்ஜன் “பொறுத்திரும்மா, இறங்கும்” என்று இரண்டு வரியில் முடித்துவிட்டார். அந்தப் பக்கத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் வீடியோ காலில் வந்து, நிதானமாகப் பேசி, “உங்களுக்கு வலது பக்கம் கொஞ்சம் ஏறி நிக்குது, இல்லையா மேம்? நீங்க வலது கைப்பழக்கமா?” என்று கேட்டிருக்கிறார். இரண்டும் சரி. “ஒரு தடவை பார்த்ததுமே சொல்லிட்டாங்க அக்கா” என்றாள். கால் முடிவதற்குள் பணம் போய்விட்டது.

இது குறி சொல்கிறவர்கள் வித்தை. 3-வது வாரத்தில் இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறவர்கள்தான் அபூர்வம். அதிகம் புழங்குகிற கைப்பக்கத்துத் தசை பொதுவாக வலுவானது, அதனால் அந்தப் பக்கம் பெரும்பாலும் பிந்தி இறங்கும். உலகத்தில் முக்கால்வாசிக்கு மேல் வலது கைக்காரர்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலே பலிக்கும். உண்மையில் விஷயம் தெரிந்தவர் கேட்டிருக்க வேண்டியவை வேறு: தசைக்குக் கீழேயா மேலேயா, வழவழப்பான மேற்பரப்பா சொரசொரப்பானதா, உருண்டையா துளி வடிவமா, எத்தனை சிசி, கீறல் எங்கே. இதெல்லாம் இம்ப்ளான்ட் அட்டையிலும் டிஸ்சார்ஜ் சீட்டிலும் இருக்கிறது. ஒன்றையும் கேட்கவில்லை. கேட்டது கார்டு நம்பர்.

பெட்டி வந்தது 4-வது வாரத்தில். பிரித்துப் பார்த்ததை எழுதுகிறேன், வயிறெரிய.

முதலில் ஸ்ட்ராப். மார்புக்கு மேல் குறுக்கே கட்டி இம்ப்ளான்ட்டைக் கீழே தள்ளுகிற அகலப் பட்டை. பொருள் மோசடி இல்லை, எங்கள் வார்டிலும் இதைக் கட்டுவோம். ஆனால் யாருக்கு, எந்தப் பக்கம், எத்தனை மணி நேரம், எப்போது நிறுத்துவது என்பதை ஒவ்வொரு விசிட்டிலும் தொட்டுப் பார்த்துத்தான் சர்ஜன் சொல்வார். இவர்கள் எல்லாருக்கும் ஒரே உத்தரவு: தினம் 22 மணி நேரம், 90 நாள். தங்கைக்கு வலது பக்கம்தான் ஏறி நின்றது, இடது பக்கம் ஏற்கெனவே இறங்கி இடத்தில் உட்கார்ந்திருந்தது. இரண்டின் மேலும் குறுக்கே பட்டை கட்டினால் எது நகரும்? தசை இறுகியிருக்கிற வலது நகராது. தளர்ந்த இடதுதான் நகரும். அதுதான் நடந்தது. 300 சிசி உருண்டை, அறுவையின்போது காம்பிலிருந்து கீழ்மடிப்புக்கு, தோலை இழுத்துப் பிடித்து அளந்தது இரண்டு பக்கமும் 8 செ.மீ. 10-வது வாரத்தில் வலது அதே 8, இடது 10. மடிப்பில் ஒளிந்திருந்த தழும்பு இடது மார்பின் மேலேயே ஏறி வந்துவிட்டது, காம்பு மேல்நோக்கிப் பார்க்கிறது. இதற்குப் பெயர் பாட்டமிங் அவுட். இம்ப்ளான்ட் தன் பையின் (உள்ளே அதை வைக்க உண்டாக்கிய இடத்தின்) அடித்தளத்தை உடைத்துக்கொண்டு மடிப்புக்குக் கீழே வழுகுவது. இப்போது ஸ்ட்ராப்பைக் கழற்றி எறிந்தாகிவிட்டது, கீழிருந்து தாங்குகிற பிராவும் மடிப்பில் டேப்பும் போட்டுக் காத்திருக்கிறோம். தாங்காவிட்டால் உள்ளே பையைத் தைத்துச் சுருக்க இன்னொரு அறுவை. அதன் செலவு இந்த மூன்று மாதச் சம்பளத்தில் சேராது.

அடுத்தது சூடும் அதிர்வும் தருகிற கருவி. இதைப் பார்த்துத்தான் எனக்குக் கை நடுங்கியது. அறுவைக்குப் பிறகு மார்பின் கீழ்ப்பாதியும் காம்பும் பல மாதம் மரத்திருக்கலாம். நரம்பு திரும்ப வளரும்போது சுரீர் சுரீரென்று மின்சாரம் பாய்வதுபோல் இருக்கும், அது நல்ல அறிகுறி. ஆனால் மரத்த தோலில் சூடு வைத்தால் சுடுவது தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். குறிப்புத்தாளில் “இதமாக உணரும்வரை வெப்பத்தைக் கூட்டவும்” என்று எழுதியிருக்கிறது. உணர்ச்சியே இல்லாத இடத்தில் இதத்துக்கு எங்கே போவது?

மசாஜ் அட்டையும் அதே கதைதான், எல்லாருக்கும் ஒன்று. வழவழப்பான உருண்டை இம்ப்ளான்ட்டுக்குச் சில சர்ஜன்கள் நகர்த்தும் பயிற்சி சொல்லித்தருவார்கள், சிலர் வேண்டாம் என்பார்கள். சுற்றிலும் உருவாகும் தழும்புத் திசு இறுகிப்போவதை மசாஜ் தடுக்கும் என்பது நிரூபணமான விஷயமல்ல. சொரசொரப்பானதை நகர்த்தவே கூடாது, சுற்றுத் திசுவைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருக்கத்தான் அந்தச் சொரசொரப்பு. துளி வடிவம் சுழன்றுவிட்டால் உருவமே கோணும். (சொரசொரப்பு என்றால் இன்னொன்றும் பாருங்கள்: அலர்கன் நிறுவனத்தின் பயோசெல் வகை இம்ப்ளான்ட், அரிய ஒருவகை நிணநீர்ப் புற்றுநோயோடு தொடர்பு தெரிந்ததால், 2019 ஜூலையில் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. வைத்துப் பல வருடம் கழித்து ஒரு பக்கம் மட்டும் வீங்கினால் அலட்சியம் வேண்டாம்.)

செயலியின் ‘ஆலோசனை’யையும் சொல்ல வேண்டும். 5-வது வாரம் மார்புக்குக் கீழே வயிற்றை நோக்கிக் கயிறு மாதிரி ஒன்று தடித்து, கை தூக்கினால் இழுத்து வலித்தது. கேட்டதற்கு வந்த பதில்: “உறைந்த கொழுப்பு மேம், எண்ணெய் போட்டு நன்றாக அழுத்தித் தேய்த்து உடையுங்கள்.” அது கொழுப்பே இல்லை. தோலுக்கு அடியில் ஓடும் சிறு ரத்தக்குழாயில் (சிரையில்) ரத்தம் உறைந்து கயிறாவது, மோன்டோர் கயிறு என்போம், 1939-லேயே விவரிக்கப்பட்டது. சில வாரங்களில் தானே கரையும். வலிக்கு மாத்திரை போதும், அழுத்தித் தேய்க்கிற வேலையே இல்லை. முதல் வாரங்களில் உள்ளே ‘களக் களக்’ என்று கேட்பதற்கும் ஒரு மாத்திரை விற்றார்கள். பைக்குள் மிச்சமிருக்கிற காற்றும் நீரும்தான் அந்தச் சத்தம், உடம்பே உறிஞ்சிவிடும்.

மாத்திரை டப்பாவில் என்னென்ன இருக்கிறது என்றே போடவில்லை, ‘மூலிகை’ என்று மட்டும். அதிக அளவு வைட்டமின் ஈ, பூண்டுச் சாறு, ஜின்கோ மாதிரியானவை ரத்தக்கசிவைக் கூட்டக்கூடும் என்பதால்தான் அறுவைக்கு முன்னும் பின்னும் நிறுத்தச் சொல்கிறோம். பெயரில்லாத மாத்திரையை எந்த தைரியத்தில் விழுங்குவது?

இனி தட்டிக்கழித்த வரிசை. இடது பக்கம் இறங்கிக்கொண்டே போகிறது என்று 8-வது வாரம் படம் அனுப்பியதற்கு, “சூப்பர் மேம், ரிசல்ட் தெரிய ஆரம்பிச்சிடுச்சு” என்று இதயக்குறி. மறுபடி எழுதியதற்கு, “பொறுமையா இருங்க, இறங்கி உட்காரும்.” சர்ஜன் காசில்லாமல் சொன்ன அதே வரி, இவர்களிடம் மூன்று மாதச் சம்பளம் கொடுத்து. 9-வது வாரம், “22 மணி நேரம் கட்டினீங்களா? குளிக்கும்போது கழட்டினா கணக்கு விட்டுப்போகும்.” பணம் கேட்டதும் குரல் மாறிவிட்டது. சுகாதாரக் காரணத்தால் பிரித்த பெட்டியைத் திரும்பப் பெற மாட்டார்களாம். செயலிக் கட்டணமாவது தாருங்கள் என்றால், ஸ்ட்ராப்பால்தான் பாதிப்பு என்று சர்ஜன் கையெழுத்திட்ட கடிதம் வேண்டுமாம். அதையும் வாங்கி அனுப்பினோம். வந்த பதிலை அப்படியே தருகிறேன்: “நாங்கள் மருத்துவச் சேவை அல்ல. எங்கள் நிபுணர்கள் பொது ஆரோக்கிய வழிகாட்டிகள் மட்டுமே.” அப்படியானால் அந்த வெள்ளைக் கோட்டு எதற்கு? இதைக் கேட்டதற்குத்தான் கோரிக்கை முடித்துவைக்கப்பட்டது. வீடியோ காலில் வந்தவரின் கணக்கே இப்போது இல்லை.

விலாவாரியாக எழுதுகிறேன் என்று சொன்னேன். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது, கோபத்தில் பாதி மறந்தும்விட்டது. அவசியமானதை மட்டும் போடுகிறேன்.

இம்ப்ளான்ட் அட்டையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கேட்காமல் ஆலோசனை சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

உங்கள் சர்ஜன் தன் கையால் கட்டிக் காட்டாத ஸ்ட்ராப் வேண்டாம். கட்டியிருந்தால் வாரம் ஒருமுறை காம்பு-மடிப்பு தூரத்தை அளந்து எழுதுங்கள். ஒரு பக்கம் மட்டும் கூடிக்கொண்டே போனால் கழற்றிவிட்டு அன்றே போன் செய்யுங்கள்.

கம்பி வைத்த பிரா, மார்புக்கான உடற்பயிற்சி, கனம் தூக்குவது எல்லாம் 6 வாரம் கழித்து, அதுவும் சர்ஜன் சரி என்ற பிறகு. அதுவரை தலைப்பக்கம் உயர்த்தி மல்லாந்து தூக்கம்.

ஒரு பக்கம் திடீரென்று கல் மாதிரி வீங்கி வலித்தால், 38 டிகிரிக்கு மேல் காய்ச்சலோடு சிவந்தால், கீறலில் சீழ் கசிந்தால், கெண்டைக்கால் வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ, செயலியில் கேள்வி தட்டிக்கொண்டு உட்காராதீர்கள். நேரே அவசரப் பிரிவு.

கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் உடனே எழுதிக் கொடுங்கள். அதற்குக் கெடு உண்டு. செயலி “இன்னும் பத்து நாள் பொறுங்க மேம்” என்று இழுத்ததில் எங்களுக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது.