கோ-கியூ10 காப்ஸ்யூல்: மலேசியாவின் சுங்கை சிப்புட் ஃபார்மசியில் வாங்கியது

ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியே காலத்தைக் கழித்தவர் என் அப்பா. இப்போது இதயச் செயலிழப்பு. எக்கோ எனும் இதய ஸ்கேனில் பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, 30 சதவீதம் என்று வந்தது. கிளினிக் மருந்துகளோடு கோ-கியூ10 என்ற துணைச்சத்து காப்ஸ்யூலும் கொடுத்து வருகிறோம்.

இதயத் தசை செல்லுக்குள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இடம், ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புகளுக்குத்தான். இதயம் பலவீனமாகும்போது அவை வீங்கி, உள்மடிப்புகள் சிதைந்து, துடிப்புக்குத் தேவையான ஆற்றல் குறைந்துவிடுகிறது. அந்த உள்மடிப்புகளில் ஆற்றல் உண்டாக எலக்ட்ரானைக் கைமாற்றிக் கொடுப்பதுதான் கோ-கியூ10. உடம்பே இதைத் தயாரிக்கிறது. ஆனால் நோய் முற்ற முற்ற இதயத் தசையில் இதன் அளவு இறங்குகிறது. அதனால்தான் வெளியிலிருந்து கொடுத்துப் பார்க்கிறார்கள்.

2014இல் வெளிவந்த கியூ-சிம்பியோ ஆய்வில் 420 நோயாளிகள் இருந்தார்கள். தினம் மூன்று வேளை, வேளைக்கு 100 மில்லிகிராம், 2 ஆண்டுகள். நோய் முற்றி மருத்துவமனையில் சேர்வது, இதயநோயால் இறப்பது போன்றவை ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த மருந்தில்லாத போலி மாத்திரையைச் சாப்பிட்டவர்களில் 26 சதவீதம், இதைச் சாப்பிட்டவர்களில் 15. நம்பிக்கை தரும் கணக்குதான். ஆனாலும் 420 பேர் போதாது, இன்னும் பெரிய ஆய்வு வர வேண்டும்.

என் மனக்குறை விலையில்தான். டப்பாவில் 30 காப்ஸ்யூல், 'தினம் ஒன்று' என்று போட்டிருக்கிறது. ஆய்வில் கொடுத்ததுபோல் தினம் மூன்று சாப்பிட்டால் பத்தே நாளில் டப்பா காலி. தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தவர்கள் எத்தனை பேருக்குக் கட்டுப்படியாகும்?

ஃபார்மசியில் இருந்த பெண்ணை மனமாரப் பாராட்டுகிறேன். பணத்தை வாங்கும் முன்பே, "அங்கிள், வார்ஃபரின் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டு, அப்பாவின் மருந்துச் சீட்டை வரி வரியாகப் பார்த்தார். வார்ஃபரின் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்து; அதன் வேலையை இது குறைத்துவிடலாமாம். கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் வெறும் வயிற்றில் வேண்டாம், சாப்பாட்டோடு போடுங்கள் என்றும் சொன்னார். காப்ஸ்யூல் கொஞ்சம் பெரியது. அப்பா மத்தியானம் கறிச்சோற்றோடு விழுங்கிவிடுகிறார்.

இப்போது கோயில் வரைக்கும் நிற்காமல் நடக்கிறார். கிளினிக்கிலும் மருந்தைக் கூட்டியிருக்கிறார்கள், அதனால் இதற்கு மட்டும் பெருமை சேர்க்க மாட்டேன். கால் வீக்கம் வடிந்தது, உடம்பில் தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் தண்ணி மாத்திரையால்தான். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒருவர் "கிளினிக் மருந்தை நிறுத்திவிட்டு இதை மட்டும் சாப்பிடுங்க" என்று விற்கிறார். தயவுசெய்து கேட்காதீர்கள், உயிருக்கே ஆபத்து. வாங்குவதாக இருந்தால் மருந்துச் சீட்டோடு ஃபார்மசிக்குப் போங்கள். டப்பாவில் மால் (MAL) எனும் அரசு மருந்துப் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கிறதா என்று பாருங்கள்.