ஃப்ளோட் ட்யூபில் இரண்டாவது ராட் எங்கே?

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் குளங்களில் விரால் பிடிக்கப் போகும்போது நான் இரண்டு ராட் (தூண்டில் கோல்) எடுத்துப்போவேன். பாசிமேல் தவளை லூர் (தவளை வடிவப் போலி இரை) இழுக்கத் தடித்தது ஒன்று, திறந்த தண்ணீரில் ஸ்பின்னர் (சுழலும் உலோகப் போலி இரை) வீச மெல்லியது ஒன்று. கரையில் நின்றால் மற்றதை மரத்தில் சாய்த்துவிடலாம். நான் போவது ஃப்ளோட் ட்யூபில்: காற்றடைத்த ஓர் இருக்கை, உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டு மிதக்கலாம். அதில் அப்படிச் சாய்க்க இடமில்லை.

பலரும் முதலில் செய்வது, முதுகுக்குப் பின்னால் குழாய் கட்டி நிமிர்த்தி வைப்பது. ஒன்றரை அங்குல பிவிசி குழாயில் ஓரடித் துண்டு, ரீலின் கால் இறங்க வாயில் ஒரு வெட்டு, அவ்வளவுதான். மடி காலியாக இருக்கும், கையைப் பின்னால் நீட்டினால் ராட் வந்துவிடும். நானும் ஒரு வருடம் இதையே மெச்சிக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஃப்ளோட் ட்யூப் பின்னோக்கிப் போகிற வண்டி. காலில் ஃபின் (நீந்துவதற்கான துடுப்புக் காலணி) மாட்டி உதைத்தால் முதுகுதான் முன்னே போகும். கரையோரக் கருவேலங்கிளையை நாம் பார்ப்பதற்கு முன்பே நிமிர்ந்து நிற்கும் ராட் நுனி போய்ப் பார்த்துவிடும். என் பழைய ராட் அப்படித்தான் நாலு அங்குலம் குட்டையானது. வலது கையால் வீசுபவர் குழாயை வலப்பக்கம் கட்டினால், வீச்சுக்கு ஓங்கும்போது நூல் அதில் சுற்றும். அதனால் இடப்பக்கம்தான், அதுவும் சாய்த்து. ஆடி மாதம் இன்னொரு தொல்லை: பாலக்காட்டுக் கணவாயில் மேற்கிலிருந்து வரும் காற்று, ராடின் வளையத்தில் சரியாக மாட்டாத ஸ்பின்னரைக் கழற்றி என் சட்டைக் காலரில் மாட்டியது. துலா (ஐப்பசி) மழைக் காலத்து மாலைகளில் இடி கேட்டால் எந்த ராட் எங்கே இருந்தாலும் சரி, கரையேறிவிட வேண்டும். கார்பன் ராட் மின்சாரம் கடத்தும்.

இரண்டாவது வழி, மடிமேல் குறுக்கே வைத்து வெல்க்ரோ பட்டையால் கட்டுவது. கிளை, காற்று இரண்டும் அண்டாது. மீன் மாட்டும்வரை சொர்க்கம். விரால் மடிக்கு வந்து துள்ளியதும் அதன் வழவழப்பும் இரண்டு நூலும் ஒரே முடிச்சாகிவிடும். தவளை லூரின் கொக்கி உடம்போடு ஒட்டி மேல்நோக்கி இருப்பதால் அவ்வளவு மாட்டாது. ஸ்பின்னரின் மும்முனைக் கொக்கி அப்படி விடாது, தொடையருகே அதை வைத்துக்கொள்ள எனக்குத் துணிச்சல் இல்லை.

இப்போது நான் செய்வது மூன்றாவது. இடப்பக்க ட்யூபின் நீளத்துக்கு இரண்டு பட்டை, அதில் படுக்கையாக ராட், நுனி என் கால் பக்கம். நாம் பின்னோக்கிப் போவதால் நுனி வால் மாதிரி பின்தொடரும், எதிலும் போய் முட்டாது. நாலரை அடி ட்யூபில் ஏழடி ராட் இரண்டரை அடி வெளியே நீளும். தாழ்ந்தால் தாமரைத் தண்டில் சிக்கும். முன்பட்டைக்கு அடியில் ஒரு தெர்மோகோல் துண்டு சொருகி நுனியைத் தூக்கிவிட்டேன். மாட்டிய மீன் இடப்பக்கம் ஓடினால் மட்டும் கொஞ்சம் வேலை. ட்யூபைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

கழற்றி இரண்டு துண்டாகப் பின்பையில் வைப்பதும் உண்டு. கையிலிருப்பது முறிந்தால் உதவும், ஈரக்கையோடு லூர் மாற்ற அவசரப்படுகிறபோது உதவாது.

எங்கே வைத்தாலும் ரீலில் ஒரு கயிறு கட்டி ட்யூபோடு பிணைத்துவிடுங்கள், ராட் மிதக்காது. லாரி ட்யூபில் பலகை போட்டுப் போகிற நண்பர் ஒருவர் இதெல்லாம் எதற்கு என்பார். அவரிடம் ஒரே ராட்தான். நூல் முனையில் லூரைச் சட்டென மாற்ற ஒரு ஸ்னாப், சட்டைப்பையில் இரண்டு லூர்.