தாமிரபரணித் தண்ணீரைப் பங்கிட்டுப் பார்க்க எந்த மென்பொருள்: ஸ்வாட்டா, வீப்பா, ரெஸ்சிம்மா?

தாமிரபரணியில் 8 அணைக்கட்டுகள், அதாவது ஆற்றை மறித்துக் கால்வாயில் திருப்பிவிடும் தடுப்புகள். மேலே கோடைமேலழகியான், கடைசியில் ஸ்ரீவைகுண்டம். கன்னடியன் கால்வாய் வயல்களுக்குப் பாய்ந்த தண்ணீரில் ஒரு பங்கு வடிந்து ஆற்றுக்கே திரும்பும். கீழே இருக்கிற அணைக்கட்டு அதை மறுபடியும் மறித்துக்கொள்ளும். இதைக் கணக்கில் பிடிக்காத மென்பொருள் நமக்கு வேண்டாம்.

எக்செல்லில் பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் வரத்து, இருப்பு, திறப்பு மூன்றையும் எழுதிப் பார்க்கலாம். 8 அணைக்கட்டும் சேர்ந்ததும் சூத்திரங்கள் சிக்கிக்கொள்ளும். போட்டவருக்கே பிறகு புரியாது.

ஸ்வாட் (SWAT) அமெரிக்க வேளாண்துறையில் உருவானது, இலவசம். பொதிகையில் பெய்த மழை எவ்வளவு ஆற்றுக்கு வரும் என்று மண், சரிவு, பயிர் பார்த்துச் சொல்லும். வந்த தண்ணீர் யாருக்கு என்பதில் அதற்கு அவ்வளவு அக்கறை இல்லை.

அந்த இடத்தில்தான் வீப் (WEAP). ஸ்டாக்ஹோம் சுற்றுச்சூழல் நிறுவனம் செய்தது. ஒவ்வொரு தேவைக்கும் 1 முதல் 99 வரை முன்னுரிமை எண் கொடுக்கலாம், 1 முதலில். குடிநீருக்கு 1, கார் பருவ நெல்லுக்கு 2, தொழிற்சாலைக்கு 3 என்று வைத்து ஓட்டலாம், மாற்றியும் ஓட்டலாம். வயலிலிருந்து வடிந்து திரும்பும் நீருக்கும் அதன் வரைபடத்தில் தனிக்கோடு உண்டு. ஒரே எண் பெற்றவர்களுக்குப் பற்றாக்குறை ஒரே விகிதத்தில் பங்காகும். காகிதத்தில் சரி. ஆனால் ஆற்றில் மேல்மடைக்காரர் எடுத்தது போகத்தான் ஸ்ரீவைகுண்டம் தென்காலுக்கு! அதனால் இரண்டு முறை ஓட்டச் சொல்வேன்: ஒன்று சமப்பங்குக்கு, இன்னொன்று மேலே இருப்பவருக்கு முந்திய எண் கொடுத்து, உள்ள நடப்புக்கு. இரண்டுக்கும் நடுவே வருகிற வித்தியாசம்தான் கடைமடைக்காரரின் வழக்கு. கால்வாய்களில் உள்ள குளங்களை மட்டும் வீப்பில் ஒவ்வொன்றாக வரையாதீர்கள். ஒன்று மறுகால் பாய்ந்து அடுத்ததை நிரப்புகிற சங்கிலி அது. கால்வாய்க்கு ஒரு பெரிய குளமாகச் சேர்த்துவிட்டால் பிழைத்தீர்கள்.

வீப்பைப் பெரும்பாலும் மாதக் கணக்கில்தான் ஓட்டுகிறார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது, மாதக் கணக்கில் அந்த நாளே தெரியாது. வெள்ள நேரத்தில் எந்த மட்டத்தில் எவ்வளவு திறப்பது என்று மணிக்கணக்கில் பார்க்க அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் ஹெக்-ரெஸ்சிம் (HEC-ResSim) வேண்டும். அதுவும் இலவசம்.

கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவங்களின் பங்கீட்டுக்கு என் ஓட்டு வீப்புக்கே, வரத்துக் கணக்கை ஸ்வாட்டிலிருந்து ஊட்டி.