கடைசி வண்டி வரும்வரை எரியும் விளக்கு

இடிடராட் நாய்வண்டிப் பந்தயத்தின் முடிவைப் பார்க்க அலாஸ்காவின் நோம் வரை போனேன். 1973 முதல் நடக்கும் பந்தயம். ஆங்கரேஜிலிருந்து சுமார் 1,600 கிலோமீட்டர். தங்க அறை கிடைப்பதுதான் பெரும்பாடு, முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

என் மனதில் நின்றவர்கள் தன்னார்வலர்கள். ஒரு கால்நடை மருத்துவர் பனியில் மண்டியிட்டு, நாயின் துணிக்காலுறையைக் கழற்றி, விரலிடுக்கு ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்தார். அவ்வளவு நிதானம்! வழியில் களைத்த நாய்களைச் சிறு விமானங்களில் திருப்பிக் கொண்டுவருபவர்களும் தன்னார்வ விமானிகளே.

ராத்திரி சைரன் ஒலித்தால் வண்டி ஒன்று வருகிறது என்று அர்த்தம். தூக்கத்தை விட்டு எழுந்துவந்து ஊர் கைதட்டுகிறது, அதுவும் பின்தங்கியவருக்கு! கடைசி வண்டி வரும்வரை முடிவுக்கோட்டில் உள்ள தோரண வளைவில் ஒரு விளக்கு எரிகிறது. அதை அணைப்பதும் கடைசியாக வண்டி ஓட்டி வந்தவர்தான். அதற்காகவே இன்னும் இரண்டு நாள் தங்கினேன்.