ரிமோட்டில் ஓட்டும் ஆர்.சி. விமான செட் வாங்குகிறீர்களா? பேட்டரியை எடை போட்டு வாங்குங்கள்

பல்லடம் பக்கம் தறி ஓட்டுகிறவன் நான். பத்தாவது படிக்கும் மகனுக்கு விமானப் பைத்தியம். சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து ஏதாவது கிளம்பி எங்கள் தலைக்கு மேல் போனால், சோற்றுத் தட்டோடு வாசலுக்கு ஓடுவான். கோடை லீவில் இரண்டு பேரும் சேர்ந்து ஃபோம் போர்டை வெட்டி ஒட்டி ஒரு விமானம் செய்தோம். இறக்கை நீளம் 110 செ.மீ., அகலம் 20. அதுவரை 400 ரூபாய்கூடச் செலவில்லை. செலவெல்லாம் அதற்கப்புறம்தான்.

மோட்டார், பேட்டரி, ரிமோட் வாங்கக் கோவையில் ஒரு கடைக்குப் போனோம். 2212 வகை 1000 கேவி (மோட்டாரின் வேகக் கணக்கு, பின்னால் சொல்கிறேன்) மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் இஎஸ்சி, பத்து இஞ்ச் புரொப்பல்லர், இறக்கை, வால் மடிப்புகளை அசைக்கும் நான்கு குட்டி சர்வோ, 3 செல் 2200 எம்ஏஎச் (கொள்ளளவு) லித்தியம் பாலிமர் பேட்டரி, ஆறு சேனல் ரிமோட். "செட்டா 9,800 கொடுங்கண்ணா, நானே எல்லாம் மாட்டித் தர்றனுங்க, போய் பறக்க உடறதுதான் உங்க வேலை" என்றார் கடைக்காரர். அப்படியே மாட்டியும் கொடுத்தார். பேட்டரியை எங்கே வைப்பது என்று மகன் கேட்டதற்கு, "றெக்கைக்கு நட்டநடுவுல பேலன்ஸ் நின்னாப் போதும்" என்றார். பில் கேட்டேன். எஸ்டிமேட் சீட்டில் 'செட் 1' என்று எழுதி நீட்டினார். நானும் வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். என் முட்டாள்தனம்.

முதல் நாள் காலை ஆறு மணி, சோளத்தட்டு அறுத்த காடு, இலை அசையவில்லை. கையால் வீசினேன். மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே போனது, அப்படியே நின்றது, வாலோடு சரிந்து விழுந்தது. மூன்று தடவையும் அதே கதைதான். கடைக்குப் போன் போட்டேன். "இப்ப காத்து சீசனுங்கண்ணா, அதானுங்க" என்றார். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசி கடைசியில் தொடங்கும் காற்று எனக்குத் தெரியாததா? அதை நம்பித்தான் தாராபுரம், உடுமலை பக்கமெல்லாம் காற்றாலை நட்டிருக்கிறார்கள். ஆனால் அன்று காற்றே இல்லை என்றேன். உடனே பேச்சை மாற்றினார்: "அப்ப மோட்டாருக்கு பவர் பத்தலீங்க. 1400 கேவி போட்டுக்குங்க, அதே புரொப்பல்லரே போதும்."

650 ரூபாய்க்கு அதையும் வாங்கி மாட்டினோம். வாசலில் வைத்து முழு வேகத்தில் முக்கால் நிமிடம் ஓட்டியிருப்போம். கருகல் வாடை வந்தது. இஎஸ்சியில் புகை. பேட்டரி வயிறு ஊதிப்போய்விட்டது. கடையில் கேட்டால், "எலக்ட்ரானிக்ஸுக்கு வாரண்டி கெடையாதுங்க, நீங்க ஒயரைத் தப்பா கொடுத்திருப்பீங்க" என்று முடித்துக்கொண்டார்.

பம்பு மோட்டாருக்குக் காயில் கட்டும் மாமா ஒருவர் எனக்கு உண்டு. மோட்டாரை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், அவ்வளவுதான். "வார்னிஷ் எரிஞ்சிருக்குது மாப்ளே. வேகம் அதிகமான மோட்டாருக்குப் பெரிய இம்பெல்லரை மாட்டி உட்டிருக்கறாங்க. தண்ணிப் பம்புலயும் இதேதான் நடக்கும்." கேவி என்றால் சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பதுதான். 11.1 வோல்ட்டில் 1000 கேவி சுமார் 11,100 சுற்று ஓடும். 1400 கேவி 15,500-ஐத் தாண்டும். வேகம் கூடினால் புரொப்பல்லர் சிறிதாக வேண்டும், எட்டு இஞ்சைப் போல. பத்து இஞ்சை அப்படியே விட்டால் மோட்டார் கரண்டைக் குடித்துத் தள்ளும். இதை விற்கிறவருக்குத் தெரியாது என்று நான் நம்பவில்லை.

சரி, பழைய 1000 கேவியில் ஏன் பறக்கவில்லை? தெரிந்த கல்லூரிப் பையன் ஒருவனிடம் நல்ல பேட்டரியும் இஎஸ்சியும் கடன் வாங்கி மாட்டினோம். பட்டறையில் செம்புக் கம்பி எடை போடும் கொக்கித் தராசு இருந்தது. அதை மேசைக் காலில் கட்டி, விமானத்தின் வாலில் கயிறு போட்டு, மொழுமொழுவென்ற தரையில் வைத்து மோட்டாரை ஓட்டினோம். இழுப்பு 430 கிராம். விமானமே 780 கிராம். அந்தப் பையன் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். புரொப்பல்லர் திருப்பி மாட்டியிருந்தது! அதன் மேல் எழுதியிருக்கும் அளவு எண்கள் விமானம் போகும் திசையைப் பார்க்க வேண்டும். எங்களுடையது பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது. நட்டைக் கழற்றித் திருப்பி மாட்டினோம். 820 கிராம். கடைக்காரர் தன் கையாலேயே மாட்டிக் கொடுத்தது அது.

பேலன்ஸ் சொன்னதும் தப்பு. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் கால் பங்குக்கும் 30 சதவீதத்துக்கும் நடுவில் நிற்க வேண்டும். எங்களுக்கு 5 முதல் 6 செ.மீ. அவர் சொன்ன 'நட்டநடு' 10 செ.மீ. வால் கனத்தால் மூக்கைத் தூக்கித்தான் விழும். பேட்டரியை முன்னால் தள்ளியதும் சரியானது. ரிமோட்டில் வலது தள்ளினால் இறக்கை இடது சாய்ந்ததையும் அந்தக் கல்லூரிப் பையனே மாற்றிக் கொடுத்தான்.

இதுவரை சொன்னதை அரைகுறை வேலை என்று விட்டுவிடலாம். பேட்டரி விஷயம் அப்படியில்லை. பலகாரத்துக்கு மாவு நிறுக்க மனைவி வைத்திருக்கும் சின்னத் தராசில் ஊதிய பேட்டரியைப் போட்டேன். 132 கிராம். 3 செல் 2200 என்றால் 150-க்குக் கீழே சாதாரணமாக வராது என்றான் பையன். மேலிருந்த நீல ஸ்டிக்கர் உறையை ஓரத்தில் மெதுவாகக் கிழித்தேன். உள்ளே இன்னொரு உறை, தேய்ந்த எழுத்தில் 1500. யாரோ ஓட்டித் தள்ளிய பேட்டரிக்குச் சட்டை மாட்டி விற்றிருக்கிறார்.

அதைப் போட்டோ எடுத்துக் கடைக்காரரிடம் காட்டியதும் முதலில் "சார்ஜ் போடத் தெரியாம ஊத வெச்சுட்டு வந்து பேசறீங்க" என்றார். உள் உறையைப் பெரிதாக்கிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அடுத்த வாங்கலில் 300 ரூபாய் குறைப்பதாகச் சொன்னார். அடுத்த வாங்கலாம்! வீட்டுக்கு வந்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். பில் இல்லாவிட்டாலும் ஜிபே பணம் போன விவரம், எஸ்டிமேட் சீட்டு, போட்டோ மூன்றும் கையில் இருந்தன. மூன்று வாரம் கழித்துக் கடையிலிருந்தே கூப்பிட்டு பேட்டரிக்கான 1,900-ஐ மட்டும் திருப்பி அனுப்பினார்கள். மோட்டாரும் இஎஸ்சியும் போனது போனதுதான்.

வேறிடத்தில் வாங்கிய பேட்டரி 178 கிராம். புரட்டாசியில் ஒரு காலை விமானம் நாலு நிமிடம் பறந்து பக்கத்து மக்காச்சோளக் காட்டில் இறங்கியது. காட்டுக்காரரிடம் வாங்கிய திட்டு தனி.

உங்கள் பேட்டரியையும் ஒரு தடவை தராசில் வையுங்கள். 2200 என்று போட்டு 130 பக்கம் காட்டினால், 2200-க்கான அளவில் சார்ஜ் ஏற்ற வேண்டாம். ஊதியிருந்தால் சார்ஜரில் மாட்டவே வேண்டாம். மணல் போட்ட மண்சட்டியில் வைத்து வீட்டுக்கு வெளியே வையுங்கள். மேல் உறையை உரிக்கிறவர்கள் கத்தி வைக்காதீர்கள், செல்லில் பட்டால் தீப்பிடிக்கும். நான் நகத்தால்தான் கிழித்தேன்.