லூசியின் டிவிடி பெட்டிகள்: எதை வாங்கலாம், எதைச் சும்மா பார்த்தால் போதும்

அமெரிக்க நகைச்சுவை நடிகை லூசில் பால் பெயரில் கடையில் நான்கு டிவி தொடர்கள் கிடைக்கும். ஐ லவ் லூசி (1951–57), தி லூசி ஷோ (1962–68), ஹியர்ஸ் லூசி (1968–74), லைஃப் வித் லூசி (1986). முதல் தொடர் ஓடிய 6 சீசனில் 4 சீசன் அமெரிக்காவில் அதுதான் முதலிடம். கடைசித் தொடர் 8 வாரத்தில் நிறுத்தப்பட்டது. முகம் அதேதான், முடியின் சிவப்பும் அதேதான். முதல் தொடரைத் தொடங்கிய எழுத்தாளர்களில் இருவர்தான் கடைசித் தொடரையும் எழுதினார்கள். அப்படியிருந்தும் ஒன்று ஏன் சிரிக்க வைக்கிறது, இன்னொன்று ஏன் நெளிய வைக்கிறது என்பதை வட்டுகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்கத்தான் தேவையில்லை.

ஐ லவ் லூசி முதல் சீசனைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். வாங்கியதும் நேரே முதல் எபிசோடுக்குப் போகாமல், கூடுதல் பகுதியில் இருக்கும் பைலட்டை (தொடர் தொடங்குமுன் எடுத்த மாதிரி எபிசோடு) முதலில் போடுங்கள். 1951 மார்ச்சில் எடுத்தது. பல ஆண்டுகள் காணாமல் போயிருந்து, அதில் நடித்த கோமாளிக் கலைஞர் பெப்பிட்டோவின் மனைவியிடமிருந்து கிடைத்தது. படம் மங்கல், ஓரங்களில் கசிவு. வட்டில் கோளாறு என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள், அது கினிஸ்கோப். அதாவது டிவி திரைக்கு எதிரே ஒரு படக் கேமராவை நிறுத்தி எடுத்த பிரதி. அமெரிக்காவின் ஒரு கரையில் நேரலையாக நடப்பதை மறு கரையில் காட்ட அன்றைக்குப் பெரும்பாலும் இதுதான் வழி. பைலட் முடிந்த கையோடு முதல் எபிசோடைப் போட்டால் வித்தியாசம் முகத்தில் அறையும்: பளிச்சென்ற 35 மி.மீ. படம்.

இந்த வித்தியாசத்தின் பின்னால் ஒரு பேரம் இருக்கிறது. விளம்பரதாரரான பிலிப் மோரிஸ் சிகரெட் கம்பெனிக்கு நியூயார்க்கிலிருந்து நேரலை வேண்டும். லூசில் பாலும் கணவர் டெசி அர்னாஸும் ஹாலிவுட்டை விட்டு நகர மாட்டோம் என்றார்கள். அப்படியானால் படச்சுருளில் எடுக்க வேண்டும், செலவு கூடும். இருவரும் வாரச் சம்பளத்தில் 1,000 டாலரை விட்டுக்கொடுத்து, பதிலுக்கு எபிசோடுகளின் முழு உரிமையைத் தங்கள் டெசிலு நிறுவனத்துக்கு எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஒருமுறை ஒளிபரப்பானதை மறுபடி யார் பார்ப்பார்கள் என்று சேனல்காரர்கள் நினைத்த காலம் அது. அந்த உரிமை கொடுத்த பலத்தில் 1957-ல் டெசிலு ஆர்.கே.ஓ. ஸ்டுடியோவையே வாங்கியது. 1930-களில் லூசில் பால் சில்லறை வேஷம் கட்டிய அதே ஸ்டுடியோ!

ஒளிப்பதிவுக்குக் கார்ல் ஃப்ராய்ண்டை அழைத்தார்கள். ஜெர்மனியில் மெட்ரோபோலிஸ் படத்துக்கு ஒளிப்பதிவு செய்த ஆள். அவர் முன்னால் இருந்த சிக்கல் இதுதான்: சுமார் 300 பேர் உட்கார்ந்து பார்க்க, நாடகம்போல இடைவெளி விடாமல் நடிக்க வேண்டும், 3 கேமராவும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். சினிமாவில் ஷாட்டுக்கு ஷாட் விளக்கை மாற்றலாம். இங்கே முடியாது. அதனால் விளக்குகளை மேலே தூக்கி, வெளிச்சம் எங்கும் சமமாக விழும்படி செய்தார். சுவர், சாமான் எல்லாவற்றையும் சாம்பல் நிறத்தின் வெவ்வேறு அழுத்தங்களில் பூசச் சொன்னார். நடுக் கேமரா அகலமாக எடுக்கும், ஓரக் கேமரா இரண்டும் முகத்தைப் பிடிக்கும். (சேனல் பிற்பாடு வண்ணம் பூசி ஒளிபரப்பிய சில எபிசோடுகளை இந்தக் காரணத்துக்காகவே தள்ளிவைக்கலாம். அந்தச் சாம்பல் அளந்து பூசியது.)

லூசில் பாலுக்கு இதனால் கிடைத்த லாபம் என்னவென்றால், சிரிப்பு அடங்கும்வரை காத்திருக்க முடிந்தது. தொடரில் கேட்கும் சிரிப்பு அரங்கத்து மைக்கில் பதிவானது. அவருடைய அம்மா டிடி படப்பிடிப்புக்குத் தவறாமல் வருவார். மகள் வம்பில் மாட்டப் போகிறாள் என்று தெரிந்ததும் பதறி அவர் எழுப்பும் "அ... ஓ..." சத்தம் சில எபிசோடுகளில் தெளிவாகக் கேட்கும். ஹெட்ஃபோன் போட்டுத் தேடுங்கள்.

பைலட்டில் கவனிக்க இன்னொன்றும் உண்டு. அதில் வீட்டுக்காரத் தம்பதி ஃப்ரெட்டும் எத்தலும் கிடையாது. லூசி சண்டை போடக் கணவன் மட்டும்தான். வில்லியம் ஃப்ராலியும் விவியன் வான்ஸும் வந்து சேர்ந்த பிறகுதான் கணக்கு சரியாகிறது: பெண்கள் இருவர் ஆண்களுக்கு எதிராக, அல்லது வீட்டுக்காரர்கள் குடியிருப்பவர்களுக்கு எதிராக, அல்லது மூவர் சேர்ந்து லூசிக்கு எதிராக. ஒரு யோசனை லூசிக்கு உதித்தால் வேண்டாம் என்று சொல்ல மூன்று பேர் இருக்கிறார்கள். அந்த மூன்று "வேண்டாம்"களைத் தாண்டிப் போவதுதான் கதை.

முதல் சீசனில் ஒன்றே ஒன்று பார்க்க நேரமிருந்தால் "லூசி டஸ் எ டிவி கமர்ஷியல்" (1952 மே 5). விட்டமீட்டாவெஜமின் என்ற டானிக்கின் விளம்பர ஒத்திகை. டானிக்கில் 23 சதவீதம் ஆல்கஹால் இருப்பது லூசிக்குத் தெரியாது. ஒவ்வொரு ஒத்திகைக்கும் ஒரு கரண்டி விழுங்கியாக வேண்டும். வசனம் மாறுவதில்லை, நாக்குதான் குழறிக்கொண்டே போகிறது. முதல் தடவை பார்வையாளர் வசனத்தை மனப்பாடம் செய்துகொள்கிறார். அதனால்தான் அடுத்தடுத்த தடவைகளில் எந்தச் சொல் எங்கே இடம் மாறியது என்று அவருக்கே பிடிபடுகிறது. முதல் கரண்டிக்கு லூசியின் முகம் கோணுவதையும் கடைசிக் கரண்டியை ருசித்து விழுங்குவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போதை ஏறிய நிலை எதையும் அவர் தாண்டிக் குதிக்கவில்லை, படிப்படியாக ஏறுகிறார்.

இரண்டாம் சீசனும் வாங்க வேண்டியதுதான். அதன் முதல் எபிசோடு "ஜாப் ஸ்விட்சிங்". பெண்கள் சாக்லேட் ஆலைக்கு வேலைக்குப் போக, ஆண்கள் சமையலறைக்குள் நுழைகிறார்கள். எல்லோரும் பேசுவது ஓடும் பட்டையில் சாக்லேட் சுற்றும் காட்சியைத்தான். ஒன்று சுற்றாமல் தப்பினாலும் வேலை போய்விடும் என்று மேற்பார்வைக்காரி சொல்லிவிட்டுப் போகிறாள். வேகம் கூடுகிறது, கைக்கு எட்டாதது வாய்க்கும் தொப்பிக்கும் சட்டைக்குள்ளும் போகிறது. அவள் திரும்பி வந்து, ஒன்றும் தப்பாததைப் பார்த்து மெச்சி, இன்னும் வேகமாக விடச் சொல்கிறாள். ஆனால் சோறு வடிக்கிற ஊர்க்காரர்களுக்கு மறுபாதிதான் விருந்து. 4 பேர் சாப்பாட்டுக்குத் தலைக்கு ஒரு பவுண்டு அரிசி என்று லூசியின் கணவர் ரிக்கி (டெசி அர்னாஸ்) போடுகிறார். கிட்டத்தட்ட 1.8 கிலோ, ஒரே பாத்திரத்தில்!

இதே சீசனில்தான் "லூசி கோஸ் டு த ஹாஸ்பிட்டல்" (1953 ஜனவரி 19). திரையில் லூசிக்குக் குழந்தை பிறந்த அதே நாளில் நிஜத்திலும் லூசில் பாலுக்கு அறுவை சிகிச்சை மூலம் மகன் பிறந்தான். பார்த்தவர்கள் 4 கோடியே 40 லட்சம் பேர். மறுநாள் ஐசன்ஹோவர் அதிபராகப் பதவியேற்றதைப் பார்த்தவர்கள் 2 கோடியே 90 லட்சம்தான். "கர்ப்பம்" என்ற சொல்லைச் சேனல் அனுமதிக்கவில்லை, தொடர் முழுக்கச் சுற்றிவளைத்தே பேசுவார்கள்.

ப்ளூரேயா டிவிடியா என்றால், உயர்தரப் பதிப்பாக ப்ளூரேயில் முதல் 2 சீசன் வந்தது (2014, 2015). அதில் 1950-களில் ஒளிபரப்பான வடிவத்திலேயே பார்க்கும் வசதி இருக்கிறது: கார்ட்டூன் லூசியும் ரிக்கியும் சிகரெட் பெட்டியோடு வரும் பழைய தொடக்கம். நமக்கெல்லாம் பழகிப்போன அந்த இதயப் படம் மறு ஒளிபரப்புக்காகப் பிற்பாடு சேர்த்தது. மற்ற சீசன்களுக்கு டிவிடி போதும். வாங்குமுன் வட்டின் மண்டல எண்ணைப் பாருங்கள். அமெரிக்க டிவிடி மண்டலம் 1, இந்தியா 5. ப்ளூரேயில் அவர்கள் ஏ, நாம் சி. எல்லா மண்டலமும் ஓட்டும் ப்ளேயர் இல்லையென்றால் பணம் வீண். தமிழ் சப்டைட்டில் கிடையாது. ரிக்கி கோபம் வந்தால் ஸ்பானிஷில் பொரிந்து தள்ளுவார், அது புரியத் தேவையே இல்லை.

அடுத்த பெட்டி, தி லூசி ஷோ. 1960-ல் விவாகரத்து ஆகிவிட்டது. 1962-ல் டெசியின் பங்கை வாங்கி லூசில் பாலே டெசிலுவின் தலைவரானார். பெரிய ஹாலிவுட் ஸ்டுடியோ ஒன்றை நடத்திய முதல் பெண். ஸ்டார் ட்ரெக்கும் மிஷன் இம்பாசிபிளும் அவர் தலைமையில் வந்தவை. 1967-ல் 1 கோடியே 70 லட்சம் டாலருக்குக் கம்பெனியை விற்றார். முதலாளியாக ஏறுமுகம். நடிகையாக என்ன ஆனது என்பதைத்தான் வட்டு காட்டும்.

முதல் சீசன் அருமை. கணவன் பாத்திரம் இல்லை, ஆனால் விவியன் வான்ஸ் இருக்கிறார். இரு பெண்களும் தாங்களே குளியலறையில் ஷவர் பொருத்தி, கதவு திறக்காமல், கழுத்துவரை தண்ணீரில் மாட்டிக்கொள்ளும் எபிசோடைத் தேடிப் பிடியுங்கள். படப்பிடிப்பில் தண்ணீருக்குள் போன லூசில் பாலுக்கு மேலே வர முடியாமல் போக, வான்ஸ் முடியைப் பிடித்துத் தூக்கிவிட்டு, காட்சி நிற்காதபடி வசனத்தையும் தொடர்ந்தார் என்று லூசில் பாலே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அரங்கத்தில் யாருக்கும் தெரியவில்லை.

இறக்கம் எங்கே தொடங்குகிறது என்றால் 1964-ல். இரண்டாம் சீசனோடு பழைய எழுத்தாளர்கள் விலகினார்கள். 1965-ல் வான்ஸும் முழுநேர வேலையை விட்டார். கதை கலிஃபோர்னியாவுக்குப் போகிறது. எதிரே வங்கிக்காரர் மூனியாக கேல் கார்டன் மட்டும். கத்துவதில் மன்னன். ஆனால் கத்துகிறவர் வேறு, தடுக்கிறவர் வேறு. வாராவாரம் ஒரு பிரபலம் வந்து போவார், லூசி அவரைப் பார்த்து வாய் பிளப்பார். பக்கவாத்தியம் எழுந்து போன பிறகும் பாட்டு நிற்காத கச்சேரி. இருந்தும் டிவிக்கான எம்மி விருது இந்தக் கடைசி 2 சீசனுக்குத்தான் கிடைத்தது. 1967-லும் 1968-லும் வாங்கினார். வாங்குவதானால் முதல் 2 சீசன் மட்டும். மலிவு விலையில் ஒரே வட்டில் பத்துப் பன்னிரண்டு எபிசோடு போட்டு விற்பதைத் தொடாதீர்கள். பதிப்புரிமை காலாவதியான எபிசோடுகள் அவை, பெரும்பாலும் பிற்காலத்தவை, பிரதியும் தேய்ந்தது.

ஹியர்ஸ் லூசியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சொந்தப் பிள்ளைகள் இருவரும் பிள்ளைகளாகவே நடிக்கிறார்கள், கேல் கார்டன் இப்போது மைத்துனர். எலிசபெத் டெய்லரின் மோதிரம் லூசி விரலில் மாட்டிக்கொள்ளும் 1970 எபிசோடு ஒன்று போதும். 1972-ல் பனிச்சறுக்கில் கால் முறிந்தது, ஐந்தாம் சீசனைக் கட்டுப் போட்ட காலோடு நடித்தார். உடம்பால் சிரிக்க வைக்க முடியாதபோது வசனத்தில் ஒன்றும் மிச்சமில்லை என்பது அந்த சீசனில் வெளிச்சமாகிவிடுகிறது. அதே சேனலில் அப்போது மேரி டைலர் மூர் ஷோவும் ஆல் இன் த ஃபேமிலியும் ஓடின. வேலை, அரசியல், இனவெறி என்று நகைச்சுவை வேறு இடத்துக்குப் போய்விட்டது. அரங்கத்தில் ஆட்களை உட்கார வைத்து 3 கேமராவால் எடுக்கும் டெசிலு முறையில்தான் மேரி டைலர் மூரையும் எடுத்தார்கள் என்பது வேறு கதை.

கடைசிப் பெட்டி, லைஃப் வித் லூசி. 2019-ல் டிவிடியாக வந்தது. எடுத்தவை 13, ஒளிபரப்பானவை 8, மீதி 5-ம் இதில் உண்டு. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். 75 வயதில் திரும்பி வந்தார். ஏபிசி சேனல் பைலட் கேட்கவில்லை, பார்வையாளர்களிடம் போட்டுப் பார்க்கவுமில்லை. படைப்பு உரிமை முழுக்க அவருக்கே. தயாரிப்பில் ஆரன் ஸ்பெல்லிங்கோடு இரண்டாம் கணவர் கேரி மார்ட்டனும் இருந்தார். அந்த அறையில் "வேண்டாம்" என்று சொல்ல யாரும் இல்லை.

குறை எங்கே என்று பார்ப்போம். முதலாவது கைதட்டல். லூசில் பால் உள்ளே வந்ததும் அரங்கம் ஆர்ப்பரிக்கிறது, நகைச்சுவைக்கு வேண்டிய பதற்றம் அங்கேயே வடிந்துவிடுகிறது. பாத்திரத்துக்குத் தட்டவில்லை, பாட்டிக்குத் தட்டுகிறார்கள். இரண்டாவது உடம்பு. 40 வயதில் விழுந்தால் சிரிப்பு வரும். 75 வயதில் மரத்து வீட்டுக்கு ஏறினால் எலும்பு முறிந்துவிடுமோ என்று வயிறு கலங்கும். எதிரே இருப்பவர் 80 வயது கேல் கார்டன். மூன்றாவது, கதையில் எல்லோரும் லூசியை நேசிக்கிறார்கள். மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் எல்லோருமே. தப்புச் செய்தால் இழப்பு ஏதும் இல்லை. முதல் எபிசோடு அந்த வாரத்து முதல் 25-க்குள் வந்தது, பிறகு வாராவாரம் சறுக்கல். சனிக்கிழமை 8 மணிக்கு எதிர்ச் சேனலில் த ஃபேக்ட்ஸ் ஆஃப் லைஃப் ஓடிக்கொண்டிருந்தது.

முழுப் பெட்டியும் ஆராய்ச்சிக்காரர்களுக்கு மட்டும். யாரிடமாவது இருந்தால் வாங்கி ஒரே ஒரு எபிசோடு பாருங்கள்: "மதர் ஆஃப் த பிரைட்". த ஹனிமூனர்ஸ் தொடரில் கணவனை ஒரே பார்வையில் அடக்கிய ஆட்ரி மெடோஸ், லூசியின் தங்கையாக வருகிறார். லூசியின் பேச்சை மறுக்கிறார், வம்புக்கு இழுக்கிறார், விட்டுக்கொடுக்க மறுக்கிறார். உடனே லூசில் பாலின் கண்ணில் பழைய திருட்டு முழி எட்டிப் பார்க்கிறது, வசனத்துக்கு வேகம் வருகிறது. அது ஒளிபரப்பானது 1986 நவம்பர் 15. அடுத்த வாரம் தொடர் இல்லை.