ஒன்பது பேரும் இரண்டு லட்சம் பேரும்: பேரிடர்ச் சாவை எண்ணும் வழிகள்

2021 நவம்பர் 19 அதிகாலை, வேலூர் மாவட்டத்துப் பேரணாம்பட்டில் மழையில் ஊறிய வீடு இடிந்து நான்கு குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் இறந்தார்கள். ஒவ்வொருவருக்கும் பெயர், வயது, முகவரி, பிரேதப் பரிசோதனை அறிக்கை எல்லாம் உண்டு. 1876–78இன் தாது வருஷப் பஞ்சத்தில் நம் பழைய வட ஆற்காடு மாவட்டம் இழந்தவர்களுக்கு அப்படி ஒரு பட்டியல் கிடையாது. 1871 கணக்கெடுப்பில் சுமார் 20 லட்சமாக இருந்த மாவட்டம் 1881இல் 18 லட்சமாகச் சுருங்கியிருந்தது. அவ்வளவுதான் தெரியும்.

இவை இரண்டும் இருவேறு எண்ணும் முறைகளின் விளைவு. எந்த முறையைக் கையில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே யாருடைய சாவு நம் கண்ணுக்குத் தெரியும், யாருடையது தெரியாது என்பது அமைகிறது. அதனால்தான் இவற்றை அருகருகே வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் பட்டியல் முறை. கிராம நிர்வாக அலுவலர் நேரில் பார்க்கிறார், காவல் நிலையத்தில் வழக்குப் பதிவாகிறது, மருத்துவர் சான்று தருகிறார், தாசில்தார் வழியாகக் கோப்பு மேலே போகிறது. பேரிடர் நிவாரண நிதியின் விதிப்படி உயிரிழப்புக்கு 4 லட்சம் ரூபாய் குடும்பத்துக்குச் சேர வேண்டுமானால் இந்த முறையைத் தவிர வேறு வழியில்லை. பெயர் இல்லாமல் யாரிடம் பணத்தைக் கொடுப்பது? ஆனால் பட்டியலில் ஏற வேண்டுமென்றால் சாவு கண்ணுக்கு எதிரே நடக்க வேண்டும். சுவர் விழ வேண்டும், வெள்ளம் அடித்துச் செல்ல வேண்டும், இடி தாக்க வேண்டும்.

வேலூர் வெயில் அப்படிக் கொல்வதில்லை. கத்திரி வெயிலில் நாள் முழுவதும் சித்தாள் வேலை பார்த்த பெண் இரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால், சான்றிதழில் மாரடைப்பு என்றுதான் இருக்கும். தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு நிவாரணமும் உண்டு. நல்ல முடிவு. ஆனால் வெயிலால்தான் இறந்தார் என்று யாராவது எழுத வேண்டுமே! எழுதாதவரை பட்டியலைப் பொறுத்தமட்டில் அந்தப் பெண்ணை வெயில் கொல்லவில்லை.

இரண்டாவது, மிகைச் சாவு முறை. வழக்கமாக ஒரு காலப்பகுதியில் எத்தனை பேர் இறப்பார்கள், பேரிடர்க் காலத்தில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று பார்த்து, இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைப் பேரிடரின் கணக்கில் வைப்பது. 2017இல் மரியா புயல் தாக்கிய புவேர்ட்டோ ரிக்கோவில் அரசுப் பட்டியல் 64 பேர் என்றது. மறு ஆண்டு மிகைச் சாவைக் கணக்கிட்டபோது 2,975 என்று வந்தது. மின்சாரமும் மருந்தும் இல்லாமல் அடுத்தடுத்த மாதங்களில் இறந்த முதியவர்கள் பட்டியலில் வரவே இல்லை.

இந்த முறைக்கும் ஊனம் உண்டு. சிறிய ஊருக்கு இது உதவாது. மாவட்டம் முழுவதன் சாவுக் கணக்கில் பேரணாம்பட்டின் ஒன்பது பேர் கரைந்து காணாமல் போவார்கள். பஞ்சக் கணக்கிலோ வேறு சிக்கல். குறைந்த இரண்டு லட்சத்தில் பசியாலும் காலராவாலும் செத்தவர்களோடு, பிழைப்புத் தேடி வெளியேறியவர்களும், பிறந்திருக்க வேண்டிய, ஆனால் பிறக்காமலே போன குழந்தைகளும் கலந்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம், பத்து ஆண்டில் இயல்பாகப் பெருகியிருக்க வேண்டிய மக்கள்தொகை அதில் சேரவில்லை. ஆக, அந்த எண் கூடுதலா குறைவா என்பதே விவாதத்துக்குரியது.

மூன்றாவது வழி நம் மண்ணிலேயே வேரூன்றியிருக்கிறது. கணியம்பாடி ஒன்றியத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி பல்லாண்டுகளாக வீடு வீடாகச் சென்று பிறப்பு இறப்பைப் பதிவு செய்து வந்திருக்கிறது. ஒருவர் இறந்தால் குடும்பத்தாரிடம் அமர்ந்து பேசி, கடைசி நாட்களில் என்ன நடந்தது என்று கேட்டுக் காரணத்தைத் தீர்மானிப்பார்கள். இப்படிக் கேட்டதில், 1994 முதல் 1999 வரை அங்கே தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 95 என்று தெரியவந்தது. அக்காலத்தில் காவல்துறைப் பதிவுகளைக் கொண்ட தேசியக் கணக்கு லட்சத்துக்குப் பத்து, பதினொன்று என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. வெயில் சாவுக்கும் இதே விசாரணை பொருந்தும். அன்று எங்கே வேலை செய்தார், உடம்பு கொதித்ததா, பிதற்றினாரா, வியர்வை நின்றுபோயிருந்ததா? வீட்டாருக்கு இதெல்லாம் நினைவிருக்கும். செலவும் ஆளும் அதிகம் தேவை. துக்க வீட்டில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்கத் தெரிந்தவர்கள் வேண்டும். ஆனாலும் பெயரையும் மறைந்திருக்கும் காரணத்தையும் ஒருங்கே தரும் வழி இதுதான். மூன்றில் என் வாக்கு இதற்கே.

பணக் கணக்கிலும் இதே இழுபறிதான். நிவாரணக் கணக்கில் பயிர்ச் சேதம் 33 விழுக்காட்டைத் தொட வேண்டும். தொட்டால், 2022–26க்கான விதிப்படி, பாசன நிலத்துக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். முப்பது விழுக்காடு போனவருக்கு ஒன்றுமில்லை. வாய்ப்பேச்சில் குத்தகை எடுத்து உழுதவரின் பெயர் கிராமப் பயிர்ப் பதிவேடான அடங்கலில் இருக்காது. அவர் இழந்தது யார் கணக்கிலும் வராது. இதற்கு மாற்றாக, 1970களில் ஐ.நா.வின் லத்தீன் அமெரிக்கப் பொருளாதார ஆணையம் வளர்த்தெடுத்த முறையில் சேதமும் இழப்பும் தனித்தனி. உடைந்த பொருளின் மதிப்பு சேதம். அது உடைந்ததால் வராமல் போன வருமானம் இழப்பு.

இந்தப் பிரிவினை ஏன் முக்கியம் என்பதைக் குடியாத்தத்தில் பார்க்கலாம். அடைமழையில், குழிக்குள் கால் விட்டு நெய்யும் குழித்தறிக்குள் நீர் ஊறினால் தறி உடைவதில்லை. நிவாரணக் கணக்கில் சேதம் பூஜ்யம். தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூல் ஈரமாகி, குழி காயும்வரை நெசவாளர் கால் வைக்க முடியாது. அத்தனை நாள் கூலியும் இழப்பு. வீட்டுச் செலவுக்கு வாங்கும் வட்டிக் கடன் அதற்கு மேல்.

ஆனால் இழப்பையும் வெறும் ரூபாயில் கூட்டினால் மீண்டும் தவறுகிறோம். ஒரு தோல் தொழிற்சாலையின் ஒற்றை இயந்திரத்தின் விலை, ஒரு தெருவின் பீடிச் சுற்றும் பெண்கள் எல்லாரும் இழந்த கூலியை விழுங்கிவிடும். ரூபாயோடு, எத்தனை குடும்பத்துக்கு எத்தனை நாள் கூலி போயிற்று என்ற எண்ணையும் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

நிவாரணம் கொடுக்கப் பட்டியல் தொடரட்டும். ஆனால் அடுத்த வெயில் காலத்துக்கு என்ன செய்வது என்று திட்டமிட அது போதாது. ஏப்ரல், மே, ஜூன் மாத இறப்புகளை ஒவ்வொரு நகராட்சிப் பதிவேட்டிலிருந்தும் எடுத்து, முந்தைய ஐந்தாண்டுகளோடு ஒப்பிடுவது பெரிய வேலையில்லை. எண்ணிக்கை எகிறிய வார்டுகளுக்கு மட்டுமாவது கணியம்பாடி முறையில் ஆட்களை வீட்டுக்கு வீடு அனுப்பலாம். பதிவேடுகள் ஏற்கெனவே அலுவலகங்களில் இருக்கின்றன.